வண்டியைக் காட்டுகிறீர்கள், அதன் ஆறு நிமிடத்தையும் சொல்லுங்கள்

மதுரை மாவட்டத்துத் தீயணைப்பு நிலையங்களில் பணிபுரியும் வீரர்களுக்கும், ஓட்டுநர்களுக்கும், நிலைய அலுவலர்களுக்கும்,

ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரத்தில் நீங்கள் வண்டியோடு எங்களைத் தேடி வருகிறீர்கள். பள்ளி மைதானம், மருத்துவமனை வளாகம், பேருந்து நிலையம், துணிக்கடை வாசல் என்று எங்கெல்லாம் கூட்டம் கூடுமோ அங்கெல்லாம் ஒத்திகை நடத்துகிறீர்கள். உங்கள் துறைக்குள் நடக்கும் பயிற்சிப் போட்டிகளில் அதே வண்டியை வைத்து அணிக்கு அணி நொடிக்கணக்கில் மோதுகிறீர்கள். இதையெல்லாம் பல ஆண்டுகளாகப் பார்த்து வரும் பள்ளி ஆசிரியை நான். என் மாணவர்களுக்காகவும், இந்த ஊரின் நெருக்கடியான சந்துகளில் குடியிருக்கும் குடும்பங்களுக்காகவும் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. அந்த வண்டியைப் பற்றி நீங்கள் எங்களிடம் சொல்வது போதவில்லை. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

ஒத்திகையில் நாங்கள் பார்ப்பது என்ன என்பதை எங்கள் பக்கத்திலிருந்து சொல்கிறேன். மைதானத்தின் நடுவில் சிவப்பு வண்டி நிற்கிறது. விசில் ஊதியதும் நான்கு பேர் குதிக்கிறார்கள். ஒருவர் சுருட்டி வைத்த குழாயைத் தரையில் வீசுகிறார். அது தானாகவே நீளமாக விரிந்து ஓடுகிறது. இன்னொருவர் அதன் முனையை வண்டியின் வாயில் பொருத்துகிறார். ‘டக்’ என்று ஒரு சத்தம். மூன்றாமவர் பித்தளை நாசிலை மாட்டிக்கொண்டு ஒரு காலை முன்வைத்து நிற்கிறார். வண்டியின் பின்புறம் அழுத்தமானியின் முள்ளைப் பார்த்தபடி ஓட்டுநர் வால்வைத் திருப்புகிறார். தட்டையாகக் கிடந்த குழாய் உருண்டு திரண்டு விறைக்கிறது. அடுத்த நொடி தண்ணீர் வேப்பமர உச்சிக்கு மேல் எழும்புகிறது. பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். தகரப் பீப்பாயில் மூட்டிய தீ அணைகிறது. ஒலிபெருக்கியில் நன்றி சொல்கிறார்கள். முடிந்தது.

அந்தக் கைதட்டலுக்கு நீங்கள் முழுக்கத் தகுதியானவர்கள். அத்தனை ஒழுங்கும் வேகமும் எத்தனை காலைப் பயிற்சிகளில் வந்தவை என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கூட்டம் வீட்டுக்கு என்ன எடுத்துப்போகிறது என்று யோசித்துப் பாருங்கள். தீயணைப்பு வண்டி என்றால் வந்து நின்றதும் தண்ணீர் பாயும். அந்தத் தண்ணீருக்கு முடிவே கிடையாது. எந்தத் தீயும் சில நொடிகளில் அடங்கிவிடும். இந்த மூன்று நம்பிக்கைகளோடுதான் அவர்கள் கலைகிறார்கள். மூன்றுமே தவறு. தவறு என்று எங்களுக்குச் சொல்லத் தகுதியுள்ளவர்கள் நீங்கள் மட்டும்தான்.

இந்தத் தவறான நம்பிக்கையின் விலையைக் கடைசியில் நீங்களே கொடுப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பகுதியில் ஒரு கிட்டங்கி எரிந்தது. வண்டி வந்தது. தெருமுனையில் நிறுத்தியிருந்த இருசக்கர வாகனங்களை நகர்த்தவே நேரம் போனது. பிறகு தண்ணீர் அடித்தார்கள். சற்று நேரத்தில் தண்ணீர் தீர்ந்தது. அடுத்த வண்டி பெரிய சாலையில் போக்குவரத்தில் சிக்கியிருந்தது. அந்த இடைவெளியில் கூட்டம் வீரர்கள்மீது பாய்ந்தது. “தண்ணியில்லாத வண்டிய எதுக்குய்யா கொண்டாந்தீங்க?” என்று ஒருவர் கத்த, நாலு பேர் சேர்ந்து கத்தினார்கள். முகமெல்லாம் கரி அப்பிய ஓர் இளைஞர், காலியான குழாயைத் தோளில் போட்டபடி ஒரு வார்த்தை பேசாமல் நின்றார். கத்தியவர்களில் சிலர் முந்தைய ஆண்டு எங்கள் பள்ளி மைதானத்தில் அதே வண்டிக்குக் கைதட்டியவர்கள்.

அவர்கள் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. அந்த வண்டி முழுத் தண்ணீரோடுதான் வந்தது என்பது அவர்களுக்குத் தெரியாது. யாரும் சொன்னதில்லை.

நீங்கள் தினமும் போடும் கணக்கை எங்களுக்கும் சொல்லுங்கள். வழக்கமான ஒரு தண்ணீர் வண்டியில் ஏறத்தாழ 4,500 லிட்டர் கொள்ளும். 20 மில்லிமீட்டர் வாயுள்ள ஒரு நாசிலில் 7 பார் அழுத்தத்தில் அடித்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 700 லிட்டர் வெளியேறும். வகுத்துப் பார்த்தால் ஆறரை நிமிடம்கூட வராது. இரண்டு குழாய் போட்டால் மூன்று நிமிடம் சொச்சம். அவ்வளவுதான் அந்தப் பெரிய வண்டியின் கையிருப்பு. வீட்டுக் கணக்கில் சொன்னால் அது முந்நூறு பிளாஸ்டிக் குடம் தண்ணீர். தெருக்குழாயில் குடம் வைத்துக் காத்திருந்த எந்தத் தாய்க்கும் இந்தக் கணக்கு ஒரே தடவையில் புரியும். முந்நூறு குடம், ஆறு நிமிடம். இந்த இரண்டு எண்களும் ஒவ்வொரு ஒத்திகையிலும் ஒலிபெருக்கியில் கேட்டிருந்தால், அன்று அந்தத் தெருவில் ஒருவராவது “கொஞ்சம் பொறுங்கப்பா, அடுத்த வண்டி வரட்டும்” என்று சொல்லியிருப்பார்.

தண்ணீர் தீர்ந்தபின் என்ன நடக்கிறது என்பதையும் நாங்கள் அறியோம். அருகில் கண்மாயோ, ஊருணியோ, தெப்பமோ, பெரிய தொட்டியோ இருந்தால் உறிஞ்சு குழாயை இறக்கி எடுக்கலாம். அதற்கும் எல்லை உண்டு. பம்பு தண்ணீரை மேலே இழுப்பதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் வெளிக்காற்றின் அழுத்தம்தான் தண்ணீரைக் குழாய்க்குள் தள்ளுகிறது. கணக்குப்படி பத்து மீட்டர். நடைமுறையில் ஏழு மீட்டர் ஆழத்தைத் தாண்டினால் தண்ணீர் ஏறாது. உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கத்துத் தோட்டக் கிணறுகள் கோடையில் எத்தனை ஆழத்துக்குப் போய்விடும் என்பதை உங்களைவிட யார் அறிவார்? “கிணத்துல தண்ணி கிடக்கு, எடுக்க மாட்டேங்கிறாங்க” என்று வைக்கோல் படப்பைப் பறிகொடுத்த விவசாயி கோபப்படுகிறார். அவருக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தால், பண்ணைக்குட்டையில் தண்ணீர் தேக்கி வைத்திருப்பார். வண்டி அதன் கரைவரை வரப் பாதை விட்டிருப்பார். ஊராட்சிக் கூட்டத்தில் மேல்நிலைத் தொட்டியின் அடியில் வண்டிக்கு ஒரு குழாய் இணைப்பு வேண்டும் என்று கேட்டிருப்பார். அறிவு முன்னால் வந்தால் கோபத்துக்கு வேலை இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் பம்பைச் சுழற்றுவது வண்டியின் சொந்த இன்ஜின்தான். பம்பு ஓடும்போது வண்டி நகராது. ஆகவே ஓட்டுநர் எங்கே நிறுத்துகிறாரோ அந்த ஒரே முடிவில் பாதி வேலை அடங்கியிருக்கிறது. சுவர் சரிந்தால் எட்டாத தூரம் வேண்டும். மின்கம்பிக்குக் கீழே நிற்கக் கூடாது. அடுத்த வண்டிக்கு வழி அடைபடக் கூடாது. குழாய் எட்டவும் வேண்டும். அவர் இரண்டு முறை சுற்றிப் பார்த்து நிறுத்துவதைத் தயக்கம் என்று நினைத்து, “இங்க விடு, அங்க விடு” என்று ஆளாளுக்குக் கை காட்டுகிறோம். 15 மீட்டர் நீளத் துண்டுகளாகக் குழாயை இணைத்துத் தெருவில் போட்டால், அதன்மேல் இருசக்கர வாகனத்தை ஏற்றிக்கொண்டு போகிறோம். அந்த ஒரு நொடியில் உள்ளே நாசில் பிடித்து நிற்பவருக்குத் தண்ணீர் தடைபடும், சில சமயம் குழாயே வெடிக்கும் என்பதை எந்த ஒத்திகையிலும் நான் கேட்டதில்லை.

நம் ஊரின் அமைப்பு உங்களுக்கு எதிராகவே இருக்கிறது. மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றி ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று சதுரத்துக்குள் சதுரமாக விரியும் ஊர் இது. தேர் ஓடும் வீதிகளில் நீங்கள் நுழைந்துவிடலாம். அவற்றை இணைக்கும் சந்துகளில்தான் கிட்டங்கியும், துணிக்கடையும், நகைப் பட்டறையும், மாடியில் குடும்பங்களும் இருக்கின்றன. இரண்டரை மீட்டர் அகலமுள்ள வண்டி அங்கே நுழைய வேண்டும். இருபுறமும் நிற்கும் வாகனங்கள், கடைக்கு வெளியே நீட்டிய தகரக் கூரை, தலைக்கு மேல் பின்னிக் கிடக்கும் கேபிள். ஒத்திகை நடக்கும் மைதானத்தில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. அதனால்தான் மைதானத்தில் பார்த்ததைத் தெருவில் எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்துபோகிறார்கள்.

இதை நான் வலியுறுத்திச் சொல்கிறேன்: போட்டிக்கும் ஒத்திகைக்கும் வண்டி தயார் நிலையில் வைக்கப்படுகிறது. தொட்டி நிரம்பியிருக்கும். இன்ஜின் சூடேறியிருக்கும். குழாய்கள் எடுக்கும் வரிசையில் அடுக்கப்பட்டிருக்கும். யார் ஒன்றாம் எண், யார் இரண்டாம் எண், யார் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பது முன்பே முடிவாகியிருக்கும். எரியப்போவது எது, எவ்வளவு என்பதும் தெரியும். பகல் வெளிச்சம் இருக்கும், புகை இருக்காது. இது பயிற்சிக்கு அவசியம். கை பழகாமல் இருட்டில் எதுவும் நடக்காது. ஆனால் இதில் எதெல்லாம் முன்னேற்பாடு, எதெல்லாம் நிஜத் தீயிலும் அப்படியே நடக்கும் என்று பிரித்துச் சொல்லும் குரல் ஒன்று வேண்டும்.

வெளிநாட்டில் இந்த இடைவெளி இன்னும் பெரியது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், குறிப்பாக லாங் ஐலண்டில், தன்னார்வத் தீயணைப்பு வீரர்கள் நெடுங்காலமாக அணிப் போட்டி நடத்தி வருகிறார்கள். வண்டி ஓடுபாதையில் சீறி வரும். பின்னால் தொற்றிக்கொண்டிருப்பவர்கள் குதித்துக் குழாயைப் பூட்டி இலக்கில் தண்ணீர் அடிப்பார்கள். ஏணியைச் சாய்த்து ஏறுவார்கள். அந்தப் போட்டிக்கென்றே பாரம் குறைத்து, இன்ஜின் மாற்றி, தனியாகக் கட்டிய வண்டிகள் அங்கே உண்டு. அவை நிஜத் தீக்குப் போகும் வண்டிகளே அல்ல. பார்வையாளர் ஒருவர் அதைப் பார்த்து, நாளை என் வீடு எரிந்தால் இதுதான் வரும் என்று நினைத்தால் அது முழுத் தவறு. அவற்றை ஊருக்கு விளக்கும் பொறுப்பு அந்த அணிகளுக்கு இருக்கிறது.

உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை; அதைவிடப் பெரிய பெருமை இருக்கிறது. இங்கே ஒத்திகைக்கென்று தனி வண்டி கிடையாது. மைதானத்தில் பிள்ளைகள் தொட்டுப் பார்க்கும் அதே வண்டிதான் அடுத்த அழைப்புக்குக் கிளம்புகிறது. ஒத்திகையின் நடுவில் நிலையத்திலிருந்து தகவல் வந்தால், விரித்த குழாயைச் சுருட்டி ஏற்றிக்கொண்டு நீங்கள் அங்கிருந்தே புறப்பட வேண்டும். இதை ஏன் நீங்கள் சொல்வதில்லை? இந்த ஒரு செய்தியைக் கேட்டால் வண்டியைச் சுற்றி நிற்கும் கூட்டம் தானாகவே ஒரு பக்கம் வழிவிட்டு நிற்கப் பழகும். வண்டிக்கு முன்னால் நாற்காலி போட மாட்டார்கள். விழா ஏற்பாட்டாளர்கள் வாசலை அடைத்துப் பந்தல் கட்ட மாட்டார்கள்.

எல்லாச் சிவப்பு வண்டியும் ஒன்றல்ல என்பதும் பலருக்குத் தெரியாது. தண்ணீர் வண்டி வேறு; எண்ணெய்த் தீக்கு நுரை அடிக்கும் வண்டி வேறு; வெட்டும் கருவி, விரிக்கும் கருவி, கயிறு, விளக்கு எல்லாம் ஏற்றிய மீட்பு வண்டி வேறு; மற்ற வண்டிகளுக்குத் தண்ணீர் சுமந்து வரும் பெரிய லாரி வேறு; சந்துக்குள் நுழையும் சிறிய வண்டி வேறு. விபத்தில் நசுங்கிய காருக்குள் ஒருவர் சிக்கியிருக்கும்போது மீட்பு வண்டி வந்தால், “இதுல தண்ணியே இல்லையே” என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அழைப்பவர் என்ன எரிகிறது, எத்தனை மாடி, உள்ளே ஆள் இருக்கிறாரா, தெரு எவ்வளவு அகலம் என்று சொன்னால்தான் சரியான வண்டியை உங்களால் அனுப்ப முடியும். 101-க்கோ 112-க்கோ போன் போட்டு “தீப்பிடிச்சிருச்சு, சீக்கிரம் வாங்க” என்று கத்திவிட்டு இணைப்பைத் துண்டிப்பவர்களுக்கு, வண்டிகளின் வகையைக் கற்றுக்கொடுத்தாலே எப்படிப் பேச வேண்டும் என்பதும் விளங்கிவிடும்.

வண்டிக்கு எல்லை இருப்பதுபோல வண்டியில் வருபவருக்கும் எல்லை உண்டு. முதுகில் மாட்டும் சுவாசக் கருவியில் இருக்கும் காற்று அளவானது. சாதாரண மூச்சுக்கு அரைமணி, முக்கால்மணி வரும் உருளை, படியேறி ஆளைத் தூக்கும்போது அதற்கு வெகு முன்பே காலியாகிவிடும். காற்று இருந்தாலும் கட்டடம் தாங்கி நிற்க வேண்டும். 2020 தீபாவளி நாளின் விடியலுக்கு முன், விளக்குத்தூண் அருகே பழைய கட்டடத்தில் இயங்கிய துணிக்கடையில் தீப்பிடித்தபோது, அணைக்கப் போன வீரர்கள் சிவராஜனும் கிருஷ்ணமூர்த்தியும் இடிபாட்டில் சிக்கி உயிரிழந்தார்கள். ஊரே பண்டிகைக்குக் காத்திருந்த நேரம். அந்த இருவரின் படத்துக்கு மாலை போட்டால் மட்டும் அவர்களுக்குச் செய்யும் மரியாதை முடிந்துவிடாது. பழைய சுண்ணாம்புக் கட்டடம் தீயிலும் தண்ணீரிலும் எப்படிப் பலமிழக்கிறது, வீரர்கள் ஏன் சில சமயம் உள்ளே போகாமல் வெளியிலிருந்தே அடிக்கிறார்கள் என்பதை மக்களுக்குச் சொல்வதும் மரியாதைதான். உள்ளே போகத் தாமதிக்கும் வீரரைக் கோழை என்று ஒருவரும் பேசாத ஊராக மதுரை இருக்க வேண்டும்.

ஏப்ரல் 14 என்ற நாளே அந்தப் பாடத்தின் மேல்தான் நிற்கிறது. 1944-இல் பம்பாய்த் துறைமுகத்தில் பஞ்சுப் பொதிகளும் வெடிபொருளும் ஒன்றாக ஏற்றிய ‘ஃபோர்ட் ஸ்டிகைன்’ கப்பல் எரிந்து வெடித்தபோது, 60-க்கும் மேற்பட்ட தீயணைப்பு வீரர்கள் மாண்டார்கள். நீங்கள் ஆண்டுதோறும் மலர்வளையம் வைக்கும் நாள் அது. அதே வாரத்தில் ஊருக்கு நீங்கள் காட்டும் ஒத்திகையில் ஆபத்தின் சுவடே இல்லாமல் போவது பொருத்தமாக இல்லை.

இந்த உண்மைகளைச் சொன்னால் மக்கள் நம்பிக்கை இழந்துவிடுவார்கள் என்று சிலர் நினைக்கலாம். “ஆறு நிமிடம்தான் தண்ணீர் வரும் என்று மைக்கில் சொன்னால் துறைக்கு அவமானம்” என்று ஓர் அலுவலர் தயங்கலாம். நான் மறுக்கிறேன். நம்பிக்கை இழப்பது எல்லை தெரிந்தவர் அல்லர். எல்லையே இல்லை என்று நம்பி ஏமாந்தவர்தான். ஒரு மருத்துவர் “மூன்று மணி நேரத்துக்குள் கொண்டு வந்தால் காப்பாற்றலாம்” என்று சொல்லும்போது நாம் அவரை இகழ்வதில்லை, வேகமாகக் கிளம்புகிறோம். உங்கள் வண்டியின் எல்லை தெரிந்தால் எங்கள் கடமை தொடங்கும் இடமும் தெரியும்.

அந்த இடம் வண்டி வருவதற்கு முந்தைய நிமிடங்கள்தான். 2023 ஆகஸ்ட் 26 அதிகாலையில் மதுரை ரயில் நிலையம் அருகே நிறுத்தியிருந்த சுற்றுலாப் பெட்டியில் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். விதியை மீறிப் பெட்டிக்குள் கொண்டு வந்த எரிவாயு உருளைதான் காரணம். நகரின் நடுவில், தீயணைப்பு நிலையங்கள் அருகில் இருந்தும் அந்த உயிர்கள் போயின. எத்தனை வேகமான அணியானாலும் அந்த முதல் நிமிடங்களை எட்டிப் பிடிக்க முடியாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக் கூரைக்கொட்டகையில் பற்றிய தீ 94 குழந்தைகளைக் கொண்டுபோனதும் அந்த முதல் நிமிடங்களில்தான். அதற்குப் பிறகுதான் பள்ளிகளில் ஒத்திகை என்பதே பரவலானது. அப்படித் தொடங்கிய ஒத்திகை, வண்டி வந்துவிடும் என்ற அசட்டுத் தைரியத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும்படி ஆகிவிடக் கூடாது. வண்டி வரும்வரை என்ன செய்வது என்பதை அது கொடுக்க வேண்டும்.

நான் கேட்பது பெரிய செலவில்லை. ஒத்திகை தொடங்கும் முன் ஐந்து நிமிடம், ஒலிபெருக்கி, நன்றாகப் பேசத் தெரிந்த ஒரு வீரர். அவர் இப்படிப் பேசினால் போதும்:

“எல்லாருக்கும் வணக்கம். இது எங்க தண்ணீர் வண்டி. இதுல முந்நூறு குடம் தண்ணி இருக்கு. ஒரு குழாய்ல முழு வேகத்துல அடிச்சா ஆறு நிமிஷத்துல தீர்ந்துரும். அதுக்குள்ள அடுத்த வண்டி வரணும், இல்லைன்னா பக்கத்துல தண்ணி இருக்கணும். அதனாலதான் வழிவிடுங்கன்னு கெஞ்சுறோம். இப்ப நீங்க பார்க்கப் போறதுக்காக எல்லாத்தையும் முன்னாடியே எடுத்து வச்சிருக்கோம். நிஜத்துல தெருவுக்குள்ள வர, வண்டிய நிறுத்த, குழாய் இழுக்கக் கூடுதல் நேரம் ஆகும். இந்த வண்டி ஒத்திகைக்கு மட்டும் வந்ததில்லை. இப்ப அழைப்பு வந்தா இங்கயிருந்தே கிளம்பிருவோம். அதனால அந்தப் பக்கம் யாரும் நிக்காதீங்க. குழாய் மேல வண்டிய ஏத்தாதீங்க. கரண்டுல பிடிச்ச தீக்கும் எண்ணெய்த் தீக்கும் நீங்க தண்ணி ஊத்தாதீங்க. நாங்க வர்றவரைக்கும் செய்ய வேண்டியது மூணே மூணு: ஆளுங்கள வெளியேத்துங்க, கதவ மூடுங்க, திரும்ப உள்ள போகாதீங்க.”

இதில் அலங்காரம் எதுவும் இல்லை. சுருக்கெழுத்துப் பெயர்களோ, வண்டியின் மாடல் எண்ணோ, வாங்கிய விலையோ கிடையாது. வழக்கமாக ஒலிபெருக்கியில் வருவது “அதிநவீன”, “சக்தி வாய்ந்த” போன்ற சொற்கள். அவை கேட்பவருக்கு எதையும் கற்றுக்கொடுப்பதில்லை. எத்தனை லிட்டர், எத்தனை நிமிடம், எத்தனை அகலம், எத்தனை பேர் என்பவை கற்றுக்கொடுக்கும். கூடவே வண்டியின் பக்கவாட்டில் மாட்டும்படி ஒரு தட்டி வையுங்கள். அந்த வண்டியின் பெயர், வேலை, கொள்ளளவு, தண்ணீர் நிற்கும் நேரம், நுழையத் தேவையான தெருவின் அகலம், எந்தத் தீக்கு அது உதவாது என்பது பெரிய எழுத்தில் தமிழில் இருக்கட்டும். ஒத்திகை முடிந்த பிறகும் பிள்ளைகள் அதைச் சுற்றி நின்று படிப்பார்கள். படித்ததை வீட்டில் போய்ச் சொல்வார்கள். ஓர் ஆசிரியையாக இதற்கு நான் பொறுப்பேற்கிறேன்.

போட்டிகளிலும் இதையே கேட்கிறேன். நொடிக்கடிகாரத்தைப் பார்த்து வென்ற அணியின் பெயரை மட்டும் அறிவிக்காதீர்கள். ஏணிப் பயிற்சியில் ஒருவர் ஏன் அடியில் நின்று ஏணியைப் பிடித்தே இருக்கிறார், நாசில் பிடிப்பவருக்குப் பின்னால் இன்னொருவர் ஏன் குழாயைத் தாங்கி நிற்கிறார், தண்ணீர் திறக்கச் சொல்லிச் சைகை வரும்வரை ஓட்டுநர் ஏன் வால்வைத் தொடுவதில்லை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி சொல்லுங்கள். அழுத்தம் ஏறிய குழாய் கையை விட்டு நழுவினால் ஆளையே அடித்து வீழ்த்தும் என்பது தெரிந்தால்தான், அந்தப் பின்னால் நிற்பவரின் வேலை எங்களுக்கு மதிப்பாகத் தெரியும். நொடியில் வென்றவர்களை மட்டுமல்ல, தவறில்லாமல் செய்தவர்களையும் மக்கள் அடையாளம் காணக் கற்றுக்கொள்வார்கள்.

கிராமத்துக்குப் போகும்போது பேச்சை மாற்றிக்கொள்ளுங்கள். திருமங்கலம், வாடிப்பட்டி, மேலூர், உசிலம்பட்டி வட்டாரங்களில் சொல்ல வேண்டியது மாடிக் கட்டடத்தைப் பற்றி அல்ல. வைக்கோல் படப்பை வீட்டுக்கும் மின்கம்பிக்கும் எவ்வளவு தள்ளி வைப்பது, நிலையத்திலிருந்து அந்த ஊருக்கு வண்டி வர எத்தனை நிமிடம் ஆகும், எந்தக் கண்மாய்க் கரையில் வண்டியின் சக்கரம் புதையாமல் நிற்கும், கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்க வந்த அணிக்கு ஊர்க்காரர்கள் எப்படி உதவலாம், எதைத் தொடக் கூடாது. தொலைவு அதிகமான ஊரில் “வண்டி வர அரைமணி ஆகும்” என்று நேராகச் சொல்வதுதான் பெரிய உதவி. அது தெரிந்த ஊர் மணல் வாளியும், தண்ணீர்த் தொட்டியும், நாலு இளைஞர்களையும் தயாராக வைத்துக்கொள்ளும்.

மதுரை மாவட்டத் தீயணைப்பு நிலையங்களின் அலுவலர்களே, வீரர்களே, வருகிற தீத்தொண்டு வாரத்திலிருந்து இதைத் தொடங்குங்கள். நிலையத்துக்கு ஒரு வீரரை இந்தப் பேச்சுக்கென்று தேர்ந்தெடுங்கள். வண்டிக்கு ஒரு தட்டி எழுதுங்கள். முதல் ஒத்திகையை மைதானத்தில் நடத்தினால், இரண்டாவதை மாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், கடைகள் திறந்திருக்கும் நேரத்தில் நடத்துங்கள். நுழைய எத்தனை நிமிடம் ஆனது என்பதை அந்தத் தெரு மக்கள் முன்னிலையிலேயே அறிவியுங்கள். அந்த எண் கூடுதலாக இருந்தால் வெட்கப்பட வேண்டியவர்கள் தெருவை அடைத்து வைத்திருக்கும் நாங்கள்தான். வியாபாரிகள் சங்கங்களையும், பள்ளித் தலைமையாசிரியர்களையும், குடியிருப்போர் சங்கங்களையும் அழைத்து, வழியைத் திறந்துவைக்கச் சொல்லி அங்கேயே உறுதிமொழி வாங்குங்கள். அறிவிப்பை எழுதித் தரவும், பிள்ளைகளைத் திரட்டவும், தட்டியில் பிழை பார்க்கவும் எங்களைப் போன்ற ஆசிரியர்கள் வருவோம். உங்கள் வண்டி எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று எங்களுக்கு முழுதாகச் சொல்லுங்கள். மீதியைச் செய்யும் பொறுப்பை எங்களிடம் கேட்டு வாங்குங்கள்.

மிக்க அன்புடனும் மரியாதையுடனும்,
மதுரைப் பள்ளி ஆசிரியை ஒருவர்